உரிமம் கேட்டு எழுதியது

பல்லடம் பஸ் ஸ்டாண்டில்
விடிகாலை நாலரைக்குப் போய் நின்றேன்.
கையில் ரெக்கார்டர், அதன் தலையில்
காற்று புகாமலிருக்க
தம்பி கம்பெனியின் பனியன் துணிக் குல்லா.

என் விளையாட்டில் படமே கிடையாது.
ஹெட்போன் மாட்டினால்
நீங்கள் நிற்பது இந்த பஸ் ஸ்டாண்ட்.
இடது காதில் உடுமலை வண்டி உறுமும்.
வலது காதில் ஒரு கண்டக்டர்
பொள்ளாச்சிபொள்ளாச்சி என்று
இரண்டு தடவையை ஒரே சொல்லாக்குவார்.
கடைசி வண்டியைப் பிடித்து
வீடு போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான் கதை.
தவறினால் சாக்கடை.
சாக்கடைக்கும் சத்தம் உண்டு.

எல்லாம் பதிந்தது, பேக்கரியைத் தவிர.
பால் பொங்கும் முன்பே அங்கே பாட்டு தொடங்கிவிடும்.
பதினோரு நாள் போனேன்.
பதினோரு நாளும் ஏதோ ஒரு படத்தின் ஏதோ ஒரு பாட்டு
எல்லாச் சத்தத்திலும் டிக்காஷனாய் இறங்கியிருந்தது.
"சித்தெ நிறுத்துங்ணா, ரெண்டே நிமிசம்."
"பாட்டு நின்னா கடை சாத்தீட்டம்னு
போயிருவாங்க கண்ணு," என்றார் மாஸ்டர்.
அந்தப் பேச்சை மட்டும்
அவரைக் கேட்டு வைத்துக்கொண்டேன்.

காலடிச் சத்தம் வேறு கதை.
இலவசமாய்க் கிடைத்தது,
வணிகமல்லாத பயனுக்கு மட்டும்.
நான் நாற்பது ரூபாய்க்கு விற்கிறேன்.
நாற்பது ரூபாய் வணிகம்.
அதனால் கிட்டுசாமியண்ணன் தறிக்குடோன் வாசலில்
நானே செருப்போடு நடந்தேன், ஜல்லிமேல், மண்மேல்.
உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.
"என்ற தறிச் சத்தமும் சேந்துதான போகுது,
அதுக்கென்ன வாடகைங்?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.
நேரில் பேசக் கிடைத்த உரிமையாளர்
அவர் ஒருவர்தான்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வாங்கியபின்
விளையாட்டைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.
பாத்திரச் சத்தத்துக்கு அடியில்
முப்பத்தேழு நொடிப் பாட்டாம்.
விளையாடிய எவர் காதிலும் விழாதது
ஏதோ ஓர் இயந்திரக் காதில் விழுந்திருக்கிறது.

பாட்டு கம்பெனிக்கு விண்ணப்பித்தேன்.
திரைவாசிப்பான் குரல் ஏற்றஇறக்கமின்றிப் படித்தது:
காட்சியின் பெயர், நட்சத்திரம்.
காட்சியின் படத்தை இணைக்கவும், நட்சத்திரம்.
காட்சி கிடையாது என்று எழுதினேன்.
படமின்றி விண்ணப்பம் நகராது என்றது.
ஒரு படம் செய்தேன், முழுக்கக் கறுப்பு.
தம்பி மகனிடம் காட்டினேன்.
"நல்லாக் கருப்பா இருக்குதாடா?"
"நெம்பக் கருப்பா இருக்குதுங்கத்தை."
மூன்று வாரம் கழித்துப் பதில்:
குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றரை லட்சம்,
ஓராண்டுக்கு, ஒரு நாட்டுக்கு.
மேலும், தாங்கள் அனுப்பிய படம் திறக்கவில்லை,
மீண்டும் அனுப்பவும்.

என் மொத்த வரவு எட்டாயிரத்து நானூற்றெண்பது.

பாட்டைப் பிரித்தெடுக்கப் பார்த்தேன், வரவில்லை.
டம்ளர் மோதும் ஓசையோடு, ஆற்றும் நுரையோடு
அந்தத் துண்டையே அறுத்தெறிந்தேன்.
பேக்கரி இருந்த இடத்தில் ஒரு பள்ளம்.
வெட்கத்தோடு மறுபடி வெளியிட்டேன்.

கருங்கல்பாளையத்திலிருந்து ஃபர்ஹானா கூப்பிட்டாள்.
"அக்கா, முன்னெல்லாம் நான் சாக்கடைலதான் முடிப்பேன்.
இப்ப ஒரு எடத்துல சத்தமெல்லாம் பட்டுனு சாவுதில்ல,
அங்க லெஃப்ட் திரும்பி ஒம்பது அடி வெச்சா
உடுமலை வண்டி."
அது தப்பும்மா, சரி பண்ணீருவேன் என்றேன்.
"பண்ணீராதீங்க.
அத வெச்சுத்தான் நாங்க அத்தன பேரும் திரும்பறோம்."

வாயடைத்துப்போய்
கொஞ்ச நேரம் போனைப் பிடித்தபடி இருந்தேன்.

கம்பெனிக்குப் படத்தை மறுபடி அனுப்பியிருக்கிறேன்.
இந்தத் தடவை
இன்னும் கொஞ்சம் பெரிய கறுப்பு.